ஏழு மேசையிலும் ஓடிய விளையாட்டு

சிவப்பிரகாஷின் படம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று அமிர்தநாதன் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

படத்தில் சிவப்பிரகாஷ் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் பொன்னாடை, கையில் சட்டம் போட்ட சான்றிதழ். அடியில் ‘ஏழு மேசையிலும் ஓடிய முதல் விளையாட்டு’ என்று எழுதியிருந்தது. அதற்கும் அடியில் கைதட்டும் கைகள். அமிர்தநாதன் எண்ணிப் பார்த்தார். நூற்றுப் பதினான்கு. அதில் இரண்டு, இடுக்கி வண்டன்மேட்டில் அவருடைய பள்ளிக்கூடத்திலிருந்தே போயிருந்தன. ஒன்று தலைமையாசிரியை செபமாலையம்மாள் தட்டியது. அவர் எதற்கும் தட்டுவார். ஒருமுறை இரங்கல் செய்திக்கே தட்டியவர். இன்னொன்று அமிர்தநாதன் தட்டியது. தட்டாமல் இருந்தால் பொறாமை என்று பேசுவார்கள்.

அவருக்குப் பொறாமை இல்லை. வயிறு சரியில்லை, அவ்வளவுதான். மனைவி ஜீவிதாவிடம் அப்படித்தான் சொன்னார்.

ஜீவிதா ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். ஒரு பிடியைத் தட்டில் பரப்பினால், எது சொத்தை என்று பேச்சை நிறுத்தாமலே பொறுக்கி எறிவாள். "யாரு, கோவிந்தாபுரத்துக்காரரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மிஷன். ‘எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகள் டிஜிட்டல் விளையாட்டு மிஷன்’ என்பது முழுப் பெயர். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்துக்கான நேரம் முடிந்துவிடும் என்பதால் எல்லாரும் மிஷன் என்றே சொன்னார்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் தோட்டங்களிலும் இருக்கிற நாற்பத்திரண்டு பள்ளிகள் அதன்கீழ் வந்தன. பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொன்னார்கள். உடனே கீழிடத்தில் ஒரு அலுவலகம், ஒரு இயக்குநர், ஒரு முத்திரை, ஏழு மேசை எல்லாம் உண்டாயின.

ஆசிரியர்கள் ஆளுக்கொரு விளையாட்டைச் செய்து அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. திரையில் வண்ணக் கட்டைகள் இருக்கும். ‘பத்து அடி நட’ என்று ஒரு கட்டை. ‘ஓரத்தில் முட்டினால் திரும்பு’ என்று ஒரு கட்டை. இழுத்து வந்து ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்தால் பொம்மை நடக்கும், திரும்பும். முடித்த பிறகு, எந்த இயங்குதளத்தில் ஓட வேண்டுமோ அதற்கென்று ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். நாற்பத்திரண்டு பள்ளியிலும் ஒரே மாதிரிக் கணினி கிடையாது. ஆகையால் எல்லா இயங்குதளத்திலும் ஓடுகிற விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவதாகத் திட்டம். பரிசு எதுவும் இல்லை. விளையாட்டைத் திறந்தால் முதல் திரையில் செய்தவரின் பெயர் வரும்.

அமிர்தநாதனுக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது. இருபத்தொரு வருடமாகக் கணக்கு வாத்தியார். அவருடைய பெயர் இதுவரை வருகைப் பதிவேட்டிலும், ரேஷன் கார்டிலும், சின்னம்மா மகள் கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரியிலும் வந்திருக்கிறது. அந்தக் கடைசி வரியிலும் எழுத்துப் பிழை. நாற்பத்திரண்டு பள்ளிக்கூடங்களில் தினமும் காலையில் தன் பெயர் வெளிச்சமாக எரிவதை நினைத்தபோது அவருக்கு உடம்பு லேசாகச் சூடானது.

இரண்டு மாதம் உட்கார்ந்து ஏலக்காய் பறிக்கிற விளையாட்டைச் செய்தார். செடியின் தூரில் சரம் சரமாகக் காய். அம்புக்குறிகளை அழுத்தினால் பறிக்கிற பெண் குனிவாள், நகர்வாள். விளைந்த காயைப் பறித்தால் ஒரு புள்ளி கூடும். பிஞ்சைப் பறித்தால் இரண்டு புள்ளி போகும். தரையில் அட்டை ஊர்ந்து வரும். காலில் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மொத்தம் மூன்று கட்டம். நூறு புள்ளி எடுத்தால் வெற்றி. விளைந்த காய்க்கு அவர் முதலில் கொடுத்த நிறத்தை ஜீவிதா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தப் பச்சையில பறிச்சா கங்காணி கூடையோட திருப்பி அனுப்புவாரு," என்றாள். நான்கு முறை நிறம் மாற்றினார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதற்கு வரிசையில் நின்றார்கள். தோற்றவர்கள் வரிசையின் கடைசிக்கு ஓடிப்போய் மறுபடி நின்றார்கள். கணக்கு வகுப்புக்கு யாரும் இப்படி ஓடி வந்ததில்லை. அமிர்தநாதனுக்குத் தன் விளையாட்டின் மேலேயே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

விளையாட்டை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு பாலக்காட்டுக்குக் கிளம்பினார். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். கம்பம்மேட்டில் இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி, கோவிந்தாபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தார். பத்து மணி நேரம். பென்டிரைவை வழி முழுக்கச் சட்டைப் பையின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மிஷன் அலுவலகத்தில் ‘அனைத்து இயங்குதள ஒத்திசைவு அறை’ என்று பலகை மாட்டிய ஒரு அறை இருந்தது. ஏழு மேசை, மேசைக்கு ஒரு இயங்குதளம். தொழில்நுட்ப அலுவலர் ஸ்ரீலேகா ஒவ்வொரு மேசையிலும் விளையாட்டைப் போட்டு, ஓடியது அல்லது ஓடவில்லை என்று படிவத்தில் எழுதுவார். விளையாடிப் பார்க்க மாட்டார். படிவத்தில் அதற்கு இடம் விடவில்லை.

முதல் மேசையில் பள்ளிக்கூடங்களில் இருப்பது போன்ற கணினி. ஓடியது. இரண்டாவது மேசையில் ஓடியது, ஆனால் தமிழ் எழுத்துக்கள் எல்லாம் சிறு சிறு பெட்டிகளாக வந்தன. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அமிர்தநாதன் விளக்கினார். ஸ்ரீலேகா கவனமாகக் கேட்டுக்கொண்டு, ‘பெட்டி மொழி பாடத்திட்டத்தில் இல்லை’ என்று எழுதினார். நான்காவது மேசையில் கைபேசி, ஓடியது. ஐந்தாவது மேசைக் கணினி காலையில் பொத்தானை அழுத்தினால் சாயங்காலம் கண் திறக்கும், திறந்ததும் ஓடியது. ஆறாவது மேசையில் இருக்க வேண்டியது இயக்குநர் ராமபத்ரனின் சொந்தக் கைக்கணினி. அது கல்பாத்தியில் அவருடைய வீட்டில் இருந்தது. அவர் மனைவி சுப்புலட்சுமி போனில் ஓடுகிறது என்று சொன்னால் ஓடியதாக எழுதுவது வழக்கம். அந்த அம்மாள் கோயில் தேரின் சக்கரம் பார்க்கப் போயிருந்ததால் அரை மணி நேரம் காத்திருந்து, ஓடியது என்று எழுதினார்கள்.

சிக்கல் மூன்றாவது மேசையில் வந்தது. விளையாட்டைத் திறந்ததும் திரையில் ஒரு எச்சரிக்கை: ‘இதைச் செய்தவர் அறியப்படாதவர். திறக்கலாமா?’

திறக்கலாம் என்பதை அழுத்தினால் போதும் என்று அமிர்தநாதன் சொன்னார். ஸ்ரீலேகா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பாலக்காட்டில் வாத்தியார் என்றால் மாஷ்.

"கம்ப்யூட்டரே தெரியாதுங்கறது. நான் தெரியும்னு எப்படி மாஷே எழுதறது?"

அறியப்பட்டவர் என்று ஒரு சான்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஏழாவது மேசையைப் பார்க்காமலே அமிர்தநாதன் திரும்பிப் பத்து மணி நேரம் பயணம் செய்தார்.

வில்லேஜ் ஆபீஸில் சாதிச் சான்று உண்டு, வருமானச் சான்று உண்டு, இருப்பிடச் சான்று உண்டு. அறியப்பட்டவர் சான்று கிடையாது. ஆனால் கேட்டவர் வாத்தியார் என்பதால் அதிகாரி ஒரு வழி செய்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரை விசாரித்தார். ஒருவர், மாஸ்டரைத் தெரியும், பழக்கம் இல்லை என்றார். இன்னொருவர், குடை வைத்திருப்பாரே அவரா என்று கேட்டார். விசாரணையின்படி அதிகாரி எழுதிக் கொடுத்தார்: ‘அமிர்தநாதன் என்பவர் இப்பகுதியில் ஓரளவு அறியப்பட்டவர்.’

அந்த ஓரளவு அமிர்தநாதனுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். அதற்கு இன்னும் மூன்று பேரை விசாரிக்க வேண்டும் என்றார்கள். விசாரித்தால் இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து அப்படியே வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது முறை போனபோது எழுத்துக்களை எல்லாம் படங்களாக மாற்றியிருந்தார். பெட்டிகள் ஒழிந்தன. மூன்றாவது மேசையில் மறுபடி எச்சரிக்கை வந்தது. ஸ்ரீலேகா சான்றை வாங்கித் திரையின் மூலையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, திறக்கலாம் என்பதை அழுத்தினார். ஓடியது. பிறகு ஏழாவது மேசைக்கு அழைத்துப் போனார்.

ஏழாவது மேசை காலியாக இருந்தது. துடைத்து சுத்தமாக வைத்திருந்தார்கள். இனிமேல் வரப்போகிற இயங்குதளத்துக்காக ஒதுக்கிய மேசை அது. மிஷன் எதிர்காலத்தையும் கருத்தில் கொள்ளும் என்று அதன் நோக்க அறிக்கையில் எழுதியிருந்தது. ஸ்ரீலேகா அமிர்தநாதனின் பென்டிரைவை மேசையின் நடுவில் வைத்தார். இருவரும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் எழுதினார்: ‘ஏழாவது மேசையில் ஓடவில்லை.’

அது நடந்து பன்னிரண்டாம் நாள்தான் சிவப்பிரகாஷின் படம் வந்தது.

சிவப்பிரகாஷ் கோவிந்தாபுரத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். வயதில் ஒன்பது வருடம் இளையவர். மிஷனின் முதல் பயிற்சியில் அமிர்தநாதனுக்குப் பக்கத்து நாற்காலி. அன்றைக்கு ஒரு கட்டையை எப்படி ஒட்டுவது என்று அமிர்தநாதனிடம் கேட்டவர். ஒரு வாரம் அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. குளிக்கும்போது ஏழாவது மேசை. பாடம் நடத்தும்போது பொன்னாடை. அது அசல் பட்டா, கலப்படமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அந்த வாரத்துக் கோபத்தில் விளையாட்டில் நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்தார். மழை பெய்யும். அட்டைகள் மூன்று பக்கத்திலிருந்து வரும். பிஞ்சுக்கும் காய்க்கும் நிற வித்தியாசம் கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இந்தக் கட்டத்தையும் தாண்டினால்தான் நூறு. தாண்டுகிறவர் பெயரைத் தட்டச்சு செய்ய ஒரு திரையும் வைத்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் தாண்டவில்லை. அவரும் தாண்டவில்லை. யாரும் தாண்ட முடியாத ஒன்றைச் செய்ததில் அவருக்கு ஒரு நிறைவு. ‘புதிய பதிப்பு, நண்பர்கள் முயலலாம்’ என்று குழுவில் போட்டார். இரண்டு கை தட்டின. ஒன்று செபமாலையம்மாள்.

அடுத்த வாரம் சிவப்பிரகாஷின் விளையாட்டு நாற்பத்திரண்டு பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. பனைமரங்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும். மேலிருந்து நுங்கு விழும். வண்டியை நகர்த்திப் பிடிக்க வேண்டும். அமிர்தநாதன் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகத் திறந்தார். முதல் திரையில் சிவப்பிரகாஷின் பெயர். அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பார்த்தால் வண்டிச் சக்கரம் நன்றாகவே சுழன்றது. அவருடைய அட்டை இவ்வளவு வழவழப்பாக ஊர்ந்ததில்லை. வானத்தின் நீலமும் நல்ல நீலம்.

இடது அம்பை அழுத்தினார். வண்டி வலது பக்கம் போய் நுங்கைப் பிடித்தது. வலது அம்பை அழுத்தினார். வண்டி நின்றது, நுங்கு தானாக வந்து விழுந்தது. கையை எடுத்தார். வண்டி ஓடியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நூற்றுக்கு நூறு என்று திரையில் பூ மழை பெய்துகொண்டிருந்தது.

அது விளையாட்டு இல்லை. யாரோ விளையாடியதன் வீடியோ. வீடியோ எந்தக் கணினியிலும் ஓடும்.

அன்றைக்கு அமிர்தநாதன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "வயிறு நல்லாப் போச்சு போல," என்றாள் ஜீவிதா.

மூன்றாவது முறை பாலக்காட்டுக்குப் போனார். இந்த முறை பத்து மணி நேரமும் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனார். புகாரை மூன்று நகலில் எழுதியிருந்தார். இயக்குநர் ராமபத்ரன் உடனே விசாரணைக்கு உட்கார்ந்தார். மிஷனில் புகார் வருவது அபூர்வம். அதற்கென்று அச்சடித்த பதிவேடு நான்கு வருடமாகச் சும்மா கிடந்தது. ஸ்ரீலேகா குறிப்பெடுக்க வந்தார்.

அமிர்தநாதன் இருவர் முன்னாலும் மாட்டுவண்டியைத் திறந்தார். விசைப்பலகையைத் தூக்கி நாற்காலிக்கு அடியில் வைத்தார். கைகள் இரண்டையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். வண்டி தன் பாட்டுக்கு நுங்கு பிடித்து நூறு எடுத்தது. அவர் கையை இறக்காமலே இருவர் முகத்தையும் பார்த்தார்.

ஸ்ரீலேகா எழுதியதைப் பிறகுதான் படித்தார்: ‘பயனர் தலையீடு இன்றியும் சிறப்பாக இயங்குகிறது.’

ஏழாவது மேசையில் இது எப்படி ஓடியது என்று கேட்டார். சிவப்பிரகாஷ் மாஷ் மாட்டுவண்டியை வண்ணத்தில் அச்செடுத்துச் சட்டம் போட்டு அந்த மேசையில் வைத்தார் என்றார் ஸ்ரீலேகா. நன்றாக இருந்தது. குறை எதுவும் தென்படவில்லை. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"ஆனா சார், இதை யாரும் விளையாட முடியாது. நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்க," என்றார் அமிர்தநாதன்.

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் இல்லை. பல கூட்டங்களில் பேசிப் பழகிய நிதானம்.

"மாஷே, நான் சர்வீஸ்லே முப்பத்தொரு வருஷம். இந்த மிஷன்லே நாலு வருஷம். இன்னி வரைக்கும் ஒரு கேம் ஆடினதில்லை. ஆடினா இது நன்னாருக்கு, அது நன்னால்லேன்னு மனசிலே தோணும். தோணிட்டா பட்சபாதமாக்கும். அதனாலே ஓடறதான்னு மட்டும் பாக்கறது. ஆடறவா வந்தா தோக்கறதுக்கும் வழி உண்டோல்லியோ? குட்டிகள் தோத்தா யார் பொறுப்பு? இப்போ நாப்பத்திரண்டு ஸ்கூல்லேயும் எல்லாக் குட்டிகளும் நூத்துக்கு நூறு. மேலே ரிப்போர்ட் போயாச்சு. மேலேர்ந்து பாராட்டும் வந்தாச்சு. இது கேமே இல்லேன்னு இப்போ நீங்க சொன்னா, அந்த நூறெல்லாம் நான் எங்கே கொண்டு வைக்கறது?"

அமிர்தநாதன் கைகளை இறக்கினார்.

"உங்க கேமும் நல்ல கேம்தான். ஸ்ரீலேகா சொல்லியிருக்கா. அதிலே ஒரே ஒரு குறை. ஆள் வேண்டியிருக்கு."

விசாரணையின் முடிவைக் கருணையோடு சொன்னார். இடுக்கிக்கும் ஒரு விளையாட்டு வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. ஏலக்காய் பொருத்தம். அமிர்தநாதன் தம்முடைய விளையாட்டை, ஆள் தேவைப்படாத பதிப்பாக வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால், நாற்பத்திரண்டு பள்ளிக்கும் போகும். முதல் திரையில் பெயர் வரும். நூற்றுக்கு நூறு வர வேண்டும். இரண்டாவது நிபந்தனை, அங்கீகாரம் பெறாத பழைய பதிப்பு எந்தப் பள்ளிக் கணினியிலும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அமிர்தநாதன் வாயைத் திறந்தார். அப்போது இயக்குநரின் தலைக்கு மேலே சுவரில் சிவப்பிரகாஷின் படம் தெரிந்தது. பொன்னாடையோடு. பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை தந்துர்றேன் சார்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் திரையைப் பதிவு செய்கிற மென்பொருளை ஓடவிட்டுத் தன் விளையாட்டை ஆட உட்கார்ந்தார். முதல் மூன்று கட்டம் நன்றாகப் போனது. நான்காவதில் அட்டை ஏறியது. மறுபடி ஆடினார். மறுபடி ஏறியது. புதன்கிழமை வரைக்கும் எழுபது தடவைக்கு மேல் ஆடியிருப்பார். அதிகபட்சம் எண்பத்தொன்று. நான்காவது கட்டத்தை எடுத்துவிடலாம் என்றால், இயக்குநரிடம் கொடுத்த விவரத்தில் நான்கு கட்டம் என்று எழுதிக் கையொப்பமும் போட்டிருந்தார். அட்டையின் வேகத்தைக் குறைக்கலாம். அந்த எண்ணை மாற்றப் போனபோதெல்லாம் விரல் நின்றுவிட்டது. சிவப்பிரகாஷுக்கு எதிராக அவர் செய்த ஒரே நல்ல காரியம் அந்த வேகம்தான்.

ஜீவிதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காயையும் பிஞ்சையும் அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் அட்டையைக் கண்டதும் விசைப்பலகையை விட்டுவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டாள். "ஸ்டோருக்குப் போற வழி பூரா அட்டைக்குப் பயந்து நடந்துட்டு, இங்க வேற வந்து பயப்படணுமாக்கும்," என்று எழுந்து போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. சிவப்பிரகாஷ்.

புகார் விஷயம் தெரிந்து சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று அமிர்தநாதன் குரலைத் தயார் செய்துகொண்டார். சிவப்பிரகாஷுக்குப் புகார் தெரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

"ஏனுங்க சார், உங்க ஏலக்கா கேமை நீங்க குழுவுல போட்டீங்கல்லங்க. நானும் ஊட்ல பதினஞ்சு நாளா ஆடிட்டு இருந்தனுங்க. நேத்து நாலாவது கட்டத்தைத் தாண்டிட்டனுங்க."

அமிர்தநாதன் எத்தனை புள்ளி என்று கேட்டார்.

"நூறுங்க. மழை விடற நேரத்துல அட்டை ஒரு நிமிசம் நிக்குதுங்க. அது உங்களுக்கே தெரியுமுங்களா என்னமோ."

அவருக்குத் தெரியாது. எங்கோ ஒரு கட்டையைத் தவறாக ஒட்டியிருக்கிறார்.

பிறகு சிவப்பிரகாஷ் கேட்காமலே சொன்னார். அவருடைய மாட்டுவண்டி நிஜமான விளையாட்டாகத்தான் இருந்தது. வீட்டுக் கணினியில் மட்டும் ஓடியது. மிஷனில் முதல் மேசையிலேயே திறக்கவில்லை. வீட்டில் ஆடியதை அத்தை மகனுக்குக் காட்டுவதற்காகப் பதிவு செய்த வீடியோ அதே பென்டிரைவில் இருந்தது. ஸ்ரீலேகா மேடம் தவறுதலாக அதைத் திறந்தார். ஓடியது என்று எழுதினார். "நான் பொய் சொல்லலீங்க. அவங்க கேக்கலீங்க," என்றார் சிவப்பிரகாஷ். "சால்வை போட்டாங்க. அப்புறம் நீங்க குழுவுல போட்டதும் உங்க கேமைத் தொறந்து பார்த்தனுங்க. அஞ்சு மேசையில ஓடுன கேமுங்க அது. எனக்கு ஒரு மேசையிலகூட ஓடல. அந்தக் கடுப்புலதானுங்க பதினஞ்சு நாளும் ஆடினேன். ஜெயிக்காம விடக்கூடாதுன்னு."

ஆறு மேசை என்று அமிர்தநாதன் திருத்தினார்.

நூறு எடுத்த ஆட்டத்தைப் பதிவு செய்தீர்களா என்று கேட்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நடுவில் மழையைப் பற்றியும் பொள்ளாச்சி பஸ்ஸைப் பற்றியும் பேசினார். சிவப்பிரகாஷ் பதிவு செய்திருந்தார். அன்று சாயங்காலமே அனுப்பினார். அதைக் கடைசி வரை பார்க்க மனம் வராமல் அமிர்தநாதன் ராத்திரி பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை அது மிஷனுக்குப் போனது. ஏழு மேசையிலும் ஓடியது. ஏழாவது மேசைக்கு அமிர்தநாதன் சட்டம் போட்ட படத்தோடு ஒரு பொட்டலம் ஏலக்காயும் வைத்தார். வில்லேஜ் ஆபீஸ் சான்றை மூன்றாவது மேசையிலிருந்து உரித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வீடியோவைச் செய்தவர் யார் என்று எந்தக் கணினியும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு பள்ளியிலும் ஏலக்காய் திறந்தது. முதல் திரையில் ‘உருவாக்கம்: அமிர்தநாதன்’ என்று வந்தது. இரண்டு நொடி. அதற்குப் பிறகு பறிக்கிற பெண் பிசகாமல் பறித்து, நான்கு கட்டமும் தாண்டி, நூறு எடுத்தாள். மழை நின்றது. அமிர்தநாதன் கோபத்தில் செய்துவைத்து, ஒருநாளும் கண்ணால் பார்க்காத அந்தக் கடைசித் திரை விரிந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது: ‘வென்றவர்: சிவப்பிரகாஷ்.’ யாராவது மூடுகிற வரைக்கும் அது அப்படியே நின்றது. பல பள்ளிகளில் சாயங்காலம் வரைக்கும் யாரும் மூடவில்லை.

குழுவில் படம் வந்தது. ‘எல்லையோரத்தின் சிறந்த ஆட்டக்காரர்’ என்று சிவப்பிரகாஷுக்கு இன்னொரு பொன்னாடை. முதல் வரிசையில் அமிர்தநாதனும் நின்றார். அவருடைய முகத்தில் பாதியைப் பொன்னாடையின் நுனி மறைத்திருந்தது. அமிர்தநாதன் கை தட்டினார்.

பள்ளிக்கூடத்துக் கணினிகளிலிருந்து பழைய ஏலக்காயை அவரே நீக்கினார். ஆறு கணினி. ஒவ்வொன்றிலும், நிச்சயமாக நீக்கலாமா என்று கேட்டது. ஆறு தடவையும் ஆம் என்றார். முதல் நாள் பிள்ளைகள் புதிய பதிப்புக்கு வழக்கம்போல வரிசையில் நின்று, எல்லாரும் நூறு எடுத்தார்கள். இரண்டாம் நாள் விசையை அழுத்தாமல் நூறு எடுத்தார்கள். மூன்றாம் நாள் வரிசை இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் மட்டும் வந்து வாசலில் நின்றன.

"சார், தோக்குற கேம் எங்க சார்?"

மிஷன் எடுத்துக்கொண்டது என்றார். பிள்ளைகள் அவருடைய வெறுங்கையைப் பார்த்தன. போய்விட்டன.

அன்றைய ரிப்போர்ட்டில் அமிர்தநாதன் ‘அனைவரும் நூற்றுக்கு நூறு’ என்று எழுதினார். எழுதும்போது பேனா நன்றாகவே ஓடியது.

சனிக்கிழமை காலையில் சிவப்பிரகாஷ் மறுபடி கூப்பிட்டார். நலம் விசாரித்தார். அவர் பள்ளியில் பிள்ளைகள் வண்டியையும் பார்ப்பதில்லை, ஏலக்காயையும் பார்ப்பதில்லை என்றார். கொஞ்சம் தயங்கினார். நான்கு கட்டமும் இப்போது கண்ணை மூடிக்கொண்டே தாண்ட வருகிறது, வீட்டில் உட்கார்ந்தால் பொழுது போவதில்லை என்றார்.

"அஞ்சாவது கட்டம் ஏதாச்சும் செய்வீங்களா சார்? மிஷனுக்கு இல்லீங்க. எனக்கு."

இந்த உலகத்தில் அவருடைய விளையாட்டை விளையாடுகிற ஆள் இப்போது ஒருவர்தான் இருந்தார். அதுவும் அந்த ஆள். அமிர்தநாதன் யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தார். யோசிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, முதலில் மழை நிற்கும்போது அட்டை நிற்கிற அந்தத் தவறான கட்டையைத் தேடிப் பிடித்துப் பிய்த்து எறிந்தார். அட்டைகளின் வேகத்தை இரண்டு மடங்காக்கினார். வெளிச்சத்தைக் குறைத்தார்.

ஜீவிதா காப்பி கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள். "இது யாரு ஆடுறதுக்கு?" என்று கேட்டாள்.

"தோக்குறதுக்கு," என்றார் அமிர்தநாதன்.

அவருக்கு அது போதவில்லை. ஏலச் செடிகளுக்குப் பின்னால், திரையின் வலது ஓரத்தில், ஒரு யானையை இறக்கினார். அதற்கு நான்கு திசையும் கொடுத்தார். ‘ஓரத்தில் முட்டினால் திரும்பு’ என்ற கட்டையை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. ஓரம் தாண்டி அது கோவிந்தாபுரம் வரைக்கும் போகட்டும்.